இரட்டைப் பெயரா, இரண்டு பேரா?

வாக்காளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 17-வது பிரிவில் ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது என்றும், 18-வது பிரிவில் ஒரே தொகுதிக்குள் ஒரு முறைக்கு மேல் பதிவாகக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகையால் இரட்டைப் பதிவை நீக்கலாமா வேண்டாமா என்று நான் விவாதிக்க வரவில்லை. நீக்கத்தான் வேண்டும். ஆனால் எது இரட்டைப் பதிவு என்று யார் தீர்மானிப்பது, தீர்மானித்த பிறகு எப்படி நீக்குவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தாலுகா ஆபீஸில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

2025 நவம்பர் 4-ம் தேதி தொடங்கிய சிறப்பு தீவிர திருத்தப் பணியின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் படிவத்தோடு நம் வீடுகளுக்கு வந்து போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2002, 2005 பட்டியலில் பெயர் எங்கே இருந்தது என்று தேடித் தலைசுற்றிப் போனோம். டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டில் இருந்த பெயர்கள் 6 கோடியே 41 லட்சம். வரைவில் வந்தவை 5 கோடியே 43 லட்சம். சுமார் 97 லட்சத்து 37 ஆயிரம் பெயர்கள் குறைந்துவிட்டன.

உடனே ஒரு பக்கம் "அத்தனையும் கள்ள ஓட்டு" என்றார்கள். இன்னொரு பக்கம் "அத்தனை பேர் உரிமையும் போச்சு" என்றார்கள். இரண்டு பேருமே கணக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. இறந்தவர்கள் என்று நீக்கப்பட்டவை 26 லட்சத்து 94 ஆயிரம். இடம் மாறியவர்கள், விலாசத்தில் இல்லாதவர்கள் என்று நீக்கப்பட்டவை 66 லட்சத்து 44 ஆயிரம். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவு என்று நீக்கப்பட்டவை 3 லட்சத்து 39 ஆயிரம். அதாவது பழைய பட்டியலில் சுமார் 190 பேருக்கு ஒருவர். சிறிய பங்குதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆளின் ஓட்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர் இரண்டு இடத்தில் இருப்பது வேறு, ஓட்டு இரண்டு போடுவது வேறு. 1962 தேர்தலிலிருந்து விரலில் வைக்கிற அந்த அழியாத மை எதற்கு இருக்கிறது? செங்கத்தில் ஒரு பெயரும் பெங்களூரில் ஒரு பெயரும் உள்ள கட்டடத் தொழிலாளி வேண்டுமென்று அப்படிச் செய்தவர் அல்ல. வேலைக்குப் போன ஊரில் யாரோ விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், பழைய ஊரில் பெயரை எடுக்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2022 ஆகஸ்டுக்கு முன்னால் வேறு தொகுதிக்குக் குடிபோனாலும் புதிதாகச் சேருகிறவர் கொடுக்கும் அதே 6-ம் எண் படிவம்தான். பழைய விலாசத்தை அதில் ஒழுங்காக எழுதி, புதிய ஊர் ஆபீஸ் பழைய ஊர் ஆபீஸுக்குத் தகவல் அனுப்பி, அங்கே ஒருவர் அதை எடுத்துப் பார்த்து நீக்கினால்தான் கணக்கு நேராகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் இரட்டைப் பதிவுதான். இப்போது 6-ம் எண் படிவம் புதிய வாக்காளருக்கு மட்டும், இடம் மாறினால் 8-ம் எண் படிவம் என்று பிரித்துவிட்டார்கள். நல்ல மாற்றம். ஆனால் பழைய பாக்கி அப்படியே இருந்தது.

சரி, அந்தப் பாக்கியைக் கண்டுபிடிப்பது எப்படி? பெயரை வைத்தா?

நம்மூரில் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். தேரடித் தெருவில் நின்று "அண்ணாமலை" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அருணாசலம், அருணகிரி, உண்ணாமலை, ரமணன் எல்லாம் அப்படித்தான். தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

இதைவிடச் சிக்கல் நம் குடும்ப வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீட்டில் அருணாசலத்தின் மகன் முருகன், முருகனின் மகன் அருணாசலம். பெரியவர் அருணாசலத்துக்கும் அப்பா பெயர் முருகனாகவே இருக்கும், ஏனென்றால் அவர் அப்பாவும் அதே வழக்கப்படி பெயர் வைத்தவர்தானே. பட்டியலில் பார்த்தால் "அருணாசலம், தந்தை பெயர் முருகன்" என்று இரண்டு வரி. வீட்டு எண்ணும் ஒன்று. வயது மட்டும் வேறு. அவசரத்தில் பார்க்கிறவர் இதை இரட்டைப் பதிவு என்றுதான் சொல்வார்.

இதற்கு நேர் எதிர் பெண்கள் விஷயம். திருமணத்துக்கு முன் அப்பா வீட்டில் "செல்வி, தந்தை பெயர் கோவிந்தன்". திருமணத்துக்குப் பின் புகுந்த ஊரில் "செல்வி, கணவர் பெயர் சேகர்". ஒரே பெண், இரண்டு பதிவு. பெயரையும் உறவினர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு இது இரண்டு பேராகத்தான் தெரியும். ஆக, இரண்டு பேரை ஒருவராக்குகிற வழியும், ஒருவரை இரண்டு பேராக விட்டுவிடுகிற வழியும் ஒன்றேதான்.

எழுத்துக் கூட்டலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். முருகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத 7 எழுத்து. புதுச்சேரிப் பிரெஞ்சு வழக்கில் எழுத 10 எழுத்து, ஏனென்றால் ஒவ்வொரு உகரத்துக்கும் இரண்டு எழுத்து போட வேண்டும், கடைசியில் உச்சரிக்காத ஒரு எழுத்தும் சேரும். அங்கே பிறந்து இங்கே குடியேறியவருக்குப் பிறப்புச் சான்றில் ஒரு முருகன், பள்ளிச் சான்றில் இன்னொரு முருகன். புதுச்சேரி ஏடுகளில் கிருஷ்ணசாமி 'கிசெனசாமி' ஆகிவிடுவார். தமிழில் ஒரே பெயர்தான், கணினிக்கு மட்டும் வேறு வேறு ஆட்கள்.

பிறந்த தேதி இருக்கிறதே என்று கேட்கலாம். நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு நிஜப் பிறந்த தேதி தெரியும்? பள்ளியில் சேர்த்தபோது ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட, தலைமை ஆசிரியர் ஜூன், ஜூலையில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அதுதான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் நமக்குப் பிறந்த நாள். சரியான தேதியே இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்காளர் வயது 18-லிருந்து 78 வரை என்று வைத்துக்கொண்டால் 60 ஆண்டு, சுமார் 22,000 தேதிகள். 6 கோடியே 41 லட்சம் பேரை அதில் பங்கு போட்டால் ஒரு தேதிக்கு ஏறத்தாழ 2,900 பேர். அந்த 2,900 பேரில் முருகன் எத்தனை, லட்சுமி எத்தனை?

இந்த விஷயத்தை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். கான்சாஸ் மாநிலம் 'கிராஸ்செக்' என்ற பெயரில் பல மாநிலங்களின் வாக்காளர் பட்டியல்களை ஒப்பிட்டது. முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆளாக இருக்கலாம் என்று பட்டியல் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பேராசிரியர்கள் சிலர் அதை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட கட்டுரையில், அந்தத் திட்டம் சொன்ன ஒரு வழிப்படி பழைய பதிவை நீக்கினால், ஒரு இரட்டை ஓட்டைத் தடுக்க முறையான ஓட்டுகள் சுமார் 300-க்கு இடையூறு வரும் என்று கணக்கிட்டார்கள். வழக்கு நடந்து, 2019-ல் சமரச உடன்பாட்டில் அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. குடும்பப் பெயர் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. நமக்கு இருப்பது ஒரு இனிஷியல்.

கணினி இதில் என்ன செய்கிறது என்று கணினித் துறையில் இருக்கும் என் பேத்தியிடம் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். தகவல் தொகுப்பிலிருந்து ஒரு பட்டியல் கேட்கும்போது 'டிஸ்டிங்க்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், ஒரே மாதிரி வரிகள் எத்தனை வந்தாலும் ஒன்றை மட்டும் காட்டும். ஒரே மாதிரி என்றால் கேட்ட விவரங்கள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலே போதும், அதற்கு அது வேறு ஆள். அதே சமயம், "பெயரும் அப்பா பெயரும் மட்டும் கொடு" என்று கேட்டால், நான் மேலே சொன்ன தாத்தாவும் பேரனும் ஒரே வரியாகிவிடுவார்கள். கணினி பொய் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே கொடுத்தது.

இன்னொன்றும் சொன்னாள். இரண்டு பதிவேடுகளைச் சேர்த்துப் பட்டியல் எடுக்கும்போது பல தடவை பதிவில் இரட்டிப்பே இருக்காது, கேள்வியில்தான் கோளாறு இருக்கும். ஓய்வூதியர் பதிவேட்டையும் வங்கிக் கணக்குப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்டால், இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டு வரியில் வருவார். ஆள் ஒருவர்தான், பதிவும் ஒன்றுதான். ஏன் இரண்டு தடவை வருகிறது என்று யோசிக்காமல் அந்தச் சொல்லைப் போட்டு மறைத்துவிடுவது புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளின் வழக்கமாம். இதில் ஒரு ஆறுதல் என்னவென்றால், அந்தச் சொல் காட்டுகிற பட்டியலைத்தான் சுருக்கும். உள்ளே இருக்கும் பதிவேட்டைத் தொடாது. நீக்குவதற்கு வேறு கட்டளை, அதைப் போடத் தனி அனுமதி.

இந்த ஒரு விஷயத்தைக் கணினி உலகம் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. காட்டுவது ஒரு வேலை, நீக்குவது ஒரு வேலை. தேர்தல் ஆணையத்தின் மென்பொருளிலும் விவரம் ஒத்த பதிவுகள், புகைப்படம் ஒத்த பதிவுகள் என்று இரண்டு வகையாகத் தேடிக் கொடுக்கும் வசதி உண்டு. அது கொடுப்பது சந்தேகப் பட்டியல். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வாசற்படி ஏறி, "இங்கே இருக்கிற அருணாசலம் யாருங்க?" என்று கேட்டால்தான் பேரன் உள்ளேயிருந்து வருவான், தாத்தா திண்ணையிலிருந்து பதில் சொல்வார்.

எண் இருந்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. டி.என்.சேஷன் காலத்தில், 1993-ல் கொண்டுவந்த புகைப்பட அடையாள அட்டைக்கு ஆளுக்கு ஒரு எண் என்றுதான் ஏற்பாடு. 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையமே ஒரு விளக்கம் கொடுத்தது: வெவ்வேறு மாநில வாக்காளர் சிலருக்கு ஒரே எண் போயிருக்கிறது, முன்பு மாநிலங்கள் தனித்தனியாகக் கையால் எண் கொடுத்ததால் நேர்ந்தது, ஒரே எண் என்பதாலேயே அவர்கள் போலி வாக்காளர் ஆகிவிட மாட்டார்கள், ஊர், தொகுதி, வாக்குச்சாவடி எல்லாம் வேறு என்று. ஒரு ஆளுக்கு இரண்டு வரி இருப்பதைப் போலவே இரண்டு ஆளுக்கு ஒரு எண்ணும் இருந்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து நீக்கியிருந்தால் பாவம் யாரோ ஒருவர் தன் ஊர்ச் சாவடியில் போய்த் திகைத்து நின்றிருப்பார்.

2018 டிசம்பரில் தெலங்கானா சட்டமன்றத் தேர்தலில் அப்படித்தான் பலர் நின்றார்கள். பாட்மிண்டன் வீராங்கனை ஜுவாலா கட்டாவின் பெயரே காணவில்லை. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு கிடைத்தது. ஓட்டு கிடைக்கவில்லை. அது ஐந்து வருஷம் கழித்துத்தான்.

என் கருத்து இதுதான். இரட்டைப் பதிவு ஒன்றைத் தவறி விட்டுவிட்டால் அதைத் தடுக்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். சாவடியில் ஏஜென்ட் இருக்கிறார், விரலில் மை இருக்கிறது, பொய் உறுதிமொழி கொடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 31-வது பிரிவு இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவரைத் தவறி நீக்கிவிட்டால், ஓட்டுப் போடும் நாளன்று அவருக்கு யாரும் இல்லை. இரண்டு தவறும் சமம் அல்ல. ஆகவே சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், நிரூபணம் ஆனால்தான் நீக்க வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1950 சட்டத்தின் 22-வது பிரிவே, குடிபோய்விட்டார், தகுதியில்லை என்று ஒரு பதிவை நீக்குமுன் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1995-ல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறவரின் பெயரை எடுக்குமுன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொன்னது. 2025 ஆகஸ்ட் 14-ல் பீகார் பட்டியல் வழக்கில், விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடும்படி உத்தரவிட்டது.

இந்தக் "காரணத்தோடு" என்ற சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் ஆபீஸ் காலத்தில் பதிவேட்டில் ஒரு வரியைச் சுரண்டி அழிக்கக் கூடாது. சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் உத்தரவு எண், தேதி, சுருக்கொப்பம். அடித்தல் திருத்தல் செய்தவர் யார், எதனால் என்று பத்து வருஷம் கழித்து வருகிற ஆளுக்கும் தெரிய வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் பிறப்புப் பதிவேட்டில் இதை இன்னும் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அகலமாக ஓரம் விட்டிருப்பார்கள். 1897-ல் வந்த சட்டப்படி, ஒருவர் எந்த ஊரில் திருமணம் செய்தாலும் அந்த ஊரிலிருந்து தகவல் வந்து, பிறந்த ஊர்ப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும். ஒருவர் இரண்டு இடத்தில் திருமணம் செய்துகொள்வதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆள் எங்கே போனாலும் அவருக்கு மூலப் பதிவு ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் ஓரத்தில் வந்து சேரும். நாம் வாக்காளர் பட்டியலில் இருபது வருஷத்துக்கு ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைக்கிறோம். பெண் திருமணமாகிப் போகும்போதே, பையன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போதே, பழைய வரியும் கூடவே நகர்ந்திருந்தால் இத்தனை துடைப்பு தேவைப்பட்டிருக்காது.

சில நூறு பெயர்களுக்காகவா இத்தனை பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. மொடக்குறிச்சியில் 281. நம் பக்கத்துக் காட்பாடியில் 746. போலிப் பெயர் 137 இருந்தாலும் முடிவு மாறலாம், உண்மைப் பெயர் 137 போனாலும் மாறலாம். இரண்டு பக்கமும் பயப்பட வேண்டியதுதான்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. நம் வயதுக்காரர்களில் பலர் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சென்னையிலோ பெங்களூரிலோ மகன் வீட்டில். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கட்டுமே என்று வைத்திருப்பவர்கள் எது உங்கள் ஊர் என்று தீர்மானித்து, மற்ற இடத்துப் பெயரை 7-ம் எண் படிவம் கொடுத்து நீங்களே எடுத்துவிடுங்கள். மென்பொருள் எடுத்தால் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் இறந்தவர் பெயர் இன்னும் இருந்தால் அதற்கும் அதே படிவம்தான். மனசு கேட்காது, தெரியும். என்றாலும் செய்துவிடுங்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில் இருக்கிற வீடுகளில் இரண்டு வரியும் இருக்கிறதா, வயதும் புகைப்படமும் சரியா என்று ஒரு தடவை பாருங்கள். கைப்பேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், அல்லது உங்கள் சாவடி அலுவலரிடம் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் தெருப் பள்ளி ஆசிரியையாகவோ அங்கன்வாடி அம்மாவாகவோ இருப்பார். வெயிலில் படியேறி வந்து அலைகிறவர்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேளுங்கள், பொறுமையாகத் தேடிக் கொடுப்பார்கள்.